பனிச்சரிவும் பத்து நிமிஷமும்

ஹைதராபாத்தில் பனி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்க வேண்டும். லோயர் டேங்க் பண்ட் பக்கம் 2004-ல் ஸ்நோ வேர்ல்ட் என்று ஒன்றைத் திறந்தார்கள். வாடகை ஜாக்கெட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு உள்ளே போய், ஒருவர் மேல் ஒருவர் பனியை வீசிவிட்டு, பல் தந்தியடிக்க வெளியே வந்து சூடாக எதையாவது குடிக்கலாம். மாதாப்பூரில் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பிள்ளைகள் முதன்முதலில் பனியைத் தொட்டது அங்கேதான். அந்தப் பனிக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அணைத்தால் உருகிவிடும்.

சுவிட்ச் இல்லாத பனிக்குப் போகிறவர்களும் நம்மில் அதிகமாகிவிட்டார்கள். டிசம்பர் வந்தால் இங்கே அலுவலகத்துக்கு ஒரு கோஷ்டி உத்தராகண்ட் டிரெக்கிங் என்று கிளம்புகிறது. கடல் தாண்டிப் போன சொந்தங்களோ சியாட்டில், வான்கூவர், கால்கரி, ஜூரிச் என்று பனிமலைக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்கீ என்பது நமக்குக் கிட்டிப்புள் மாதிரி. கால்கரியில் இருக்கும் அக்கா பையன் போன மாதம் கேட்டான்: "மாமா, ஃபிரெண்ட்ஸோட பேக்கண்ட்ரி போறேன். பீக்கன், புரோப், ஷவல் மூணும் வாங்கச் சொல்றாங்க. எல்லாம் சேர்ந்தா நிறைய டாலர் ஆகுது. அவங்ககிட்ட இருக்கே, எனக்கும் எதுக்கு?"

எது நல்ல மாடல் என்று கேட்டிருந்தால் நாலு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். "எதுக்கு" என்று கேட்டால் சரித்திரத்துக்குள் போகாமல் முடியாது. பதிவு கொஞ்சம் நீளம், காபியை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் நம் ஊர்க்காரர்கள்

பனிச்சரிவு என்றால் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தேதி: 2016 பிப்ரவரி 3. சியாச்சின் பனியாற்றில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருக்கும் சோனம் காவல்நிலையின் மேல் ஒரு பெரும் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் பத்துப் பேர். எல்லோரும் 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். நான்கு பேர் தமிழ்நாடு: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள். மூன்று பேர் கர்நாடகம். கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரத்திலிருந்து ஒவ்வொருவர். பனியே பெய்யாத ஊர்களில் பிறந்தவர்கள்.

இரவில் மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர். காற்றில் ஆக்ஸிஜன் பாதிக்கும் கீழே. அந்த உயரத்தில் நடந்தாலே மூச்சு வாங்கும், தோண்டுவதைச் சொல்லவே வேண்டாம். மோப்ப நாய்கள், பனிக்கட்டியை அறுக்கும் இயந்திரங்கள், உள்ளே ஊடுருவிப் பார்க்கும் ரேடார் எல்லாம் மேலே போயின. பிப்ரவரி 8 இரவில், 25 அடிக்கும் கீழே, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிருடன் கிடைத்தார். தார்வாட் பக்கத்துக் கிராமத்துக்காரர். டெல்லி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 11-ம் தேதி இறந்துபோனார். மற்ற ஒன்பது பேரும் உடல்களாகத்தான் கிடைத்தார்கள்.

ஆறு நாள் ஒருவர் எப்படித் தாங்கினார்? கூடாரத்துக்குள் காற்று தங்கிய ஓர் இடைவெளியில் அவர் இருந்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பனிக்குள் ஆளைக் கொல்வதில் குளிர் இரண்டாவது ஆள்தான். முதல் ஆள் மூச்சுமுட்டல்.

நாயும் சிவப்புக் கயிறும்

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய். அங்கே துறவிகள் நடத்திய சத்திரம் ஒன்று உண்டு. வழிதவறிய பயணிகளைத் தேட நாய்களை வளர்த்தார்கள். அதில் பேர்போனது பாரி. 1800-ல் பிறந்து 1814-ல் செத்த நாய். நாற்பது பேரைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். பதம்செய்த உடல் இன்றும் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கழுத்தில் பிராந்திப் பீப்பாய் கட்டிய நாய்ப் படம் பார்த்திருப்பீர்களே, அது 1820-ல் லாண்ட்சீர் என்ற ஆங்கிலேய ஓவியர் கொடுத்த உபயம். படம் பிரபலமாகிப் பீப்பாயும் ஒட்டிக்கொண்டது. நல்ல காலம், பனியில் விறைத்தவனுக்கு மது கொடுத்தால் உடம்புச் சூடு இன்னும் சீக்கிரம் இறங்கும்.

நாயின் மூக்கு அருமையான கருவி, சந்தேகமே இல்லை. 1930-களின் கடைசியில் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு நாய்களுக்கு முறையான பயிற்சியே ஆரம்பித்தார்கள். சிக்கல் வேறெங்கோ இருந்தது. நாய் சத்திரத்தில் இருக்கும், சரிவு மலையில் நடக்கும். நாய் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரியாவைச் சேர்ந்த ஓய்கன் ஓர்ட்டெல் என்ற மலையேறி ஒரு யோசனை சொன்னார். இருபது இருபத்தைந்து மீட்டர் சிவப்புக் கயிற்றை இடுப்பில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போவது. ஆள் புதைந்தாலும் லேசான கயிறு மேலே மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போய்த் தோண்டலாம். எளிமையான யோசனைதான். ஆனால் சரிவு கயிற்றையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றும் செய்வதற்கில்லை.

இந்தக் காலத்தில்தான் முதல் உலகப் போர். ஆல்ப்ஸ் மலைமேல் இத்தாலியப் படையும் ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன, பின்னாளில் சியாச்சினில் இரண்டு படைகள் உட்கார்ந்த மாதிரியே. 1916 டிசம்பர் 13 அதிகாலையில் மார்மோலாடா மலைச்சரிவில் கிரான் போஸ் என்ற இடத்து ராணுவக் குடியிருப்பின் மேல் பனி இறங்கி, சுமார் 270 பேர் இறந்தார்கள். அந்த டிசம்பரில் அந்தப் போர்முனையில் மட்டும் இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கில் பனிச்சரிவுக்குப் பலி. நீளக் கம்பியைக் குத்திக் குத்தித் தேடுவதும் மண்வெட்டியால் தோண்டுவதும்தான் வழி. வரிசையாக ஆள் நின்று தோளோடு தோள் உரச, அடிக்கு அடி கம்பியை இறக்குவார்கள். இன்று புரோப் என்று கடையில் விற்கும் மடக்குக் கம்பிக்கு அதுதான் பாட்டன்.

ரேடியோ வந்த கதை

1968-ல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்து கார்னெல் ஏரோநாட்டிகல் ஆய்வகத்தில் ஜான் லாட்டன் என்பவர் ஒரு சின்னப் பெட்டியைச் செய்தார். ஒவ்வொருவரும் ஒன்றை உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். எல்லாப் பெட்டியும் சதா ஒரு சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மேலே இருப்பவர்கள் தங்கள் பெட்டியை "தேடு" என்று மாற்றி, காதில் கேட்கும் சத்தம் எங்கே பலமாகிறதோ அங்கே போக வேண்டும். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே பெட்டி என்பதால் டிரான்ஸீவர் என்று பெயர். பேச்சுவழக்கில் பீக்கன். லாட்டன் வைத்த பெயர் ஸ்காடி, வடநாட்டுப் புராணத்தில் வரும் பனிக்காலத் தேவதை. 1971-ல் விற்பனைக்கு வந்தது.

இதில் பெரிய மாற்றம் எலக்ட்ரானிக்ஸில் மட்டும் இல்லை. அதுவரை தேடுகிறவன் ஊரிலிருந்து வர வேண்டும், சத்திரத்துத் துறவி, கிராமத்து ஆட்கள், ராணுவம் என்று. ஸ்காடி வந்தபின் தேடுகிறவன் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி. காப்பாற்றும் பொறுப்பு கைமாறியது.

அப்புறம் நம்மாட்கள் செய்வது மாதிரியே ஒரு கூத்து நடந்தது. ஸ்காடி ஓடியது 2.275 கிலோஹெர்ட்ஸில். அதே 1968-ல் சுவிட்சர்லாந்தின் ஆட்டோஃபோன் நிறுவனம் 457 கிலோஹெர்ட்ஸில் தன் பெட்டியைச் செய்தது. இதன் பெட்டிக்கு அதன் பேச்சு கேட்காது. திஸ்கியில் எழுதியது தாப் எழுத்துருவில் பூச்சி பூச்சியாகத் தெரியும், யூனிகோடு வரும்வரை நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? நமக்கு எழுத்துதான் உடைந்தது. அங்கே ஒருவன் பனிக்குள் கூப்பிட்டுக்கொண்டிருப்பான், மேலே இருப்பவன் பெட்டிக்குக் கேட்காது. இரண்டு அலைவரிசையிலும் பேசும் பெட்டிகளை நடுவில் விற்றுப் பார்த்தார்கள். கடைசியில் 1986-ல் சர்வதேச மலை மீட்பு அமைப்பான இகார் 457-தான் என்று முடிவெடுத்தது. அமெரிக்கா 1996-ல் வழிக்கு வந்தது. இன்று எந்தக் கம்பெனிப் பீக்கன் வாங்கினாலும் 457 கிலோஹெர்ட்ஸ்தான், ஒன்றுக்கொன்று பேசும். (பழைய ரேடியோ ரிப்பேர் செய்தவர்களுக்கு 455 என்ற எண் ஞாபகம் வரும். பக்கத்து வீடுதான்.)

1997-ல் முதல் டிஜிட்டல் பீக்கன் டிராக்கர் வந்தது. அதற்குமுன் காதால் கேட்டு, சத்தத்தைக் குறைத்துக் குறைத்துத் தேட வேண்டும். அதற்கு நல்ல பழக்கம் வேண்டும். டிராக்கரில் இரண்டு ஆன்டெனா, நடுவே ஒரு சில்லு, திரையில் அம்புக்குறியும் எண்ணும். 2003-ல் மூன்று ஆன்டெனா மாடலும் வந்தது. புதைந்த ஆளின் பெட்டியிலிருந்து காந்தப்புலம் வளைந்து வளைந்து வரும். பள்ளிக்கூடத்தில் காந்தத்தின் மேல் இரும்புத்தூள் தூவிப் பார்த்தோமே, அதே வளைவு. அதனால்தான் அம்புக்குறி நேராகக் கொண்டுபோகாது, வளைத்து அழைத்துப்போகும். ஆள் கிட்ட நெருங்கியதும் மூன்றாவது ஆன்டெனா, ஆழத்தில் இருப்பவரின் இடத்தைக் குழப்பமில்லாமல் காட்டும். சுவிஸ்காரர்கள் தங்கள் பீக்கனுக்கு பாரிவாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நம்ம பழைய நாய் பாரியின் பெயர்தான்.

பதினைந்து நிமிஷம், பிறகு பத்து

ஏன் இவ்வளவு அவசரம்? 1994-ல் நேச்சர் இதழில் ஃபால்க், ப்ரூக்கர் குழுவினர் ஒரு கட்டுரை எழுதினார்கள். சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 1991 வரை பனிச்சரிவில் புதைந்தவர்களின் கணக்கு. 15 நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால் நூற்றுக்கு 92 பேர் பிழைத்தார்கள். 35 நிமிஷம் ஆனால் 30 பேர். இருபது நிமிஷ இடைவெளியில் இவ்வளவு பெரிய சறுக்கல்.

2024-ல் அதே நாட்டின் 40 வருஷக் கணக்கை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. அந்தப் பாதுகாப்பான 15 நிமிஷம் 10 நிமிஷமாகச் சுருங்கிவிட்டது என்றார்கள். கூடவே ஒரு நல்ல சேதி: புதைந்தவரை வெளியே எடுக்க ஆகும் நேரம் அந்த நாற்பது வருஷத்தில் சுமார் 45 நிமிஷத்திலிருந்து 25 ஆகக் குறைந்திருக்கிறது. கூட்டாளிகளிடம் கருவியும் பழக்கமும் கூடியதற்கு இதில் நிச்சயம் பங்கு உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது? ஓடும்போது மாவு மாதிரி இருக்கும் பனி, நின்றதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. வெளிவிடும் மூச்சின் ஈரம் முகத்தைச் சுற்றி உறைந்து ஒரு பனிக்கூடு கட்டும், விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும். முகத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தால் அதிக நேரம் கிடைக்கும். ஹனுமந்தப்பா தாங்கியது அப்படித்தான். 2025 பிப்ரவரி 28-ல் பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா அருகே எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாமில் பனிச்சரிவு விழுந்ததே, 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் இருந்தது இரும்புக் கன்டெய்னர்களுக்குள். காற்று இருந்தது, நேரம் கிடைத்தது. திறந்த மலையில் போகிறவனுக்குக் கன்டெய்னர் கிடையாது.

பத்து நிமிஷத்தில் ஹெலிகாப்டர் வராது, நாய் வராது, ராணுவமும் வராது. வரக்கூடியது கூட வந்தவன் மட்டும்தான். அக்கா பையனின் கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. அவன் முதுகில் இருக்கும் ஷவல் அவனுக்கு உதவாது, அவன் சிநேகிதனுக்குத்தான் உதவும். அவனுக்கு வேண்டிய ஷவல் சிநேகிதன் முதுகில் இருக்கிறது. "அவங்ககிட்ட இருக்கே" என்று சொல்கிறவன் தன் உயிரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் உயிரை யார் கையிலும் கொடுக்காமல் விடுகிறான்.

கால்கரிப் பக்கத்துப் பாடம்

கனடாவில் இருக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2003 பிப்ரவரி 1. கால்கரி அருகே உள்ள ஸ்ட்ராத்கோனா-ட்வீட்ஸ்மூர் பள்ளியின் 14 மாணவர்களும் பெரியவர்கள் மூன்று பேரும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரோஜர்ஸ் பாஸ் அருகே கானாட் க்ரீக் பள்ளத்தாக்கில் ஸ்கீயில் போய்க்கொண்டிருந்தார்கள். கருவிகள் இருந்தன. மேலிருந்து பெரும் சரிவு இறங்கியது. அங்கே போய்க்கொண்டிருந்த இரண்டு மலையேறிகள் கத்தி எச்சரித்தார்கள், சரிவு நின்றதும் ஓடிவந்து பீக்கன் வைத்துத் தேடித் தோண்ட ஆரம்பித்தார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். ஏழு மாணவர்கள் இறந்தார்கள்.

கருவி இருந்ததால்தான் அந்தப் பத்தில் சிலர் பிழைத்தார்கள். கருவி இருந்தும் ஏழு பேர் போனார்கள். இரண்டும் உண்மை. அதற்குப்பிறகு அந்த நாடு சும்மா இருக்கவில்லை. நாடு முழுவதற்குமான பனிச்சரிவு மையம் ஒன்றை அமைத்தார்கள். எந்தப் பாதை எவ்வளவு ஆபத்து என்று தரம்பிரிக்கும் ஏட்ஸ் அளவுகோல் வந்தது. பள்ளிப் பிள்ளைகளை எந்தத் தரத்துப் பாதைக்குக் கூட்டிப்போகலாம் என்று விதி வந்தது. கருவிக்கு முன்னால் வழியைத் தேர்ந்தெடு என்பதுதான் அந்த விதிகளின் சாரம்.

நம் நாட்டில்

இந்தியா இந்த விஷயத்தில் புதுசு இல்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1969-லேயே மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென்று சாசே என்ற கூடத்தை ஆரம்பித்தது. 2020-ல் அதை இன்னொரு கூடத்தோடு இணைத்து டிஜிஆர்இ என்று பெயர் மாற்றினார்கள், சண்டிகரில் இருக்கிறது. காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. டிரெக்கிங் கிளம்புகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம்?

பயிற்சி பெற்றவர்களையும் மலை விட்டுவைப்பதில்லை. 2010 பிப்ரவரி 8-ல் குல்மார்க் அருகே கிலன்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் இறந்தார்கள். 2022 அக்டோபர் 4-ல் உத்தரகாசி பக்கம் திரௌபதி கா டாண்டா மலையில், நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு உச்சிக்குப் போகும்போது சரிவில் சிக்கியது. அப்போது 27 உடல்கள் கிடைத்தன, இரண்டு பேரைக் காணவில்லை என்றார்கள். அதே வருஷம் மே மாதம் 16 நாளில் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறிய சவிதா கன்ஸ்வால் அதில் பயிற்சியாளர். அக்டோபர் என்பதையும் கவனியுங்கள், ஜனவரி மட்டும்தான் ஆபத்து என்பதில்லை.

சோனத்தில் 25 அடி ஆழம். நாம் கடையில் வாங்கும் புரோப் எட்டு, பத்து அடி. அந்த மாதிரிச் சரிவுக்கு எந்தப் பையிலும் பதில் கிடையாது. இந்த எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சரி, எதை வாங்குவது?

1. பீக்கன்: டிஜிட்டல், மூன்று ஆன்டெனா. ஒன்றுக்குமேல் ஆட்கள் புதைந்தால், கண்டுபிடித்தவரைக் குறித்துவிட்டு அடுத்தவரைத் தேடும் வசதி வேண்டும். இரண்டு ஆன்டெனாப் பழசு மலிவாகக் கிடைத்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். வாங்குமுன் அந்த மாடலுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் உண்டா என்று பாருங்கள். அனுப்பும் சுவிட்ச் தானாக இடம் மாறலாம் என்று 2021-ல் ஒரு பிரபல மாடலுக்கே அறிவிப்பு வந்தது. கம்பெனி சொன்ன வகை பேட்டரியையே போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி திடீரென்று இறங்கும், திரையில் காட்டும் சதவீதமும் பொய் சொல்லும்.

2. கைபேசி: செல்போன் ஆப் பீக்கனுக்கு மாற்று கிடையாது. பீக்கனையே அது குழப்பும். அனுப்பும்போது போன், கேமரா எல்லாம் குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி, தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி.

3. புரோப்: 240 சென்டிமீட்டருக்குக் குறையாமல். இழுத்தால் ஒரே மூச்சில் நீண்டு பூட்டிக்கொள்ள வேண்டும். பீக்கன் ஆளின் வட்டாரத்தைச் சொல்லும், ஆள் மேல் முட்டுவது புரோப்தான். முட்டியதும் உருவாதீர்கள், அப்படியே விட்டுவிட்டு அதைப் பார்த்துத் தோண்டுங்கள்.

4. ஷவல்: அலுமினியத் தகடு, நீளும் கைப்பிடி. பிளாஸ்டிக் இறுகிய பனியில் வளைந்து உடையும். காசைக் குறைக்க எல்லோரும் கைவைக்கும் இடம் இதுதான். ஆனால் அதிக நேரம் போவதும் இங்கேதான். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்குமேல் பனியை நகர்த்த வேண்டிவரும். நேர் கீழே குழி பறிக்காமல், சரிவின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று பக்கவாட்டில் குடைந்து போவதுதான் முறை. ஆள் மேலே ஏறி நின்றால் அவர் முகத்துக்கு முன்னால் இருக்கும் கொஞ்சம் காற்றையும் மிதித்துவிடுவீர்கள்.

5. ஏர்பேக்: மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் கடலை மேலே வரும், ஓமப்பொடித் தூள் அடிக்குப் போகும். அதே தத்துவம். 1970-களில் ஹோஹனெஸ்டர் என்ற பவேரிய வனக்காவலர், வேட்டையாடிய விலங்கைத் தோளில் சுமந்தபோது சரிவில் தான் மேலேயே நின்றதைக் கவனித்தார். அவர் காப்புரிமையை 1980-ல் பீட்டர் அஷாவர் வாங்கி, 1985-ல் பலூன் பையாகச் செய்தார். 2014-ல் வந்த ஆய்வில், சரிவில் கடுமையாகச் சிக்கியவர்களின் இறப்பு விகிதம் 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது தெரிந்தது. ஆனால் ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை. பெரும்பாலும் கயிற்றை இழுக்கவே நேரம் கிடைக்காததால்தான். காசிருந்தால் நல்லது. மேலே சொன்ன மூன்றையும் வாங்கியபின் வாங்குங்கள்.

6. ரெக்கோ: ஜாக்கெட்டில் தைத்த சின்னத் தகடு. 1973-ல் ஸ்வீடனில் ஒரு பனிச்சரிவில் நண்பரை இழந்த மாக்னஸ் கிரான்ஹெட் உருவாக்கியது. பேட்டரி இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அதைத் தேடும் கருவி மீட்புக் குழுவிடம்தான் இருக்கும். ஜாக்கெட்டோடு வந்தால் இருக்கட்டும், அதை நம்பிப் பீக்கனை விடாதீர்கள்.

7. இதெல்லாம் கையில் வந்தபின் பழக வேண்டும். ஒருவர் பீக்கனை ஒரு பையில் போட்டு ஒளித்துவைக்க, மற்றவர்கள் கடிகாரம் வைத்துத் தேடுங்கள். பனி வேண்டியதில்லை. துர்கம் செருவு பக்கத்துப் புல்தரையே போதும், வாக்கிங் வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை :-)

8. இங்கிருந்து குழுவாகப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்: வழியில் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகள் எத்தனை, அவற்றை எந்த நேரத்தில் கடக்கிறோம், எச்சரிக்கை வந்தால் யார் திரும்பச் சொல்வார்கள், பீக்கன் எத்தனை பேரிடம் இருக்கும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து "வேண்டாம், திரும்பலாம்" என்று சொல்ல முடிகிற குழுதான் நல்ல குழு.

நாயிலிருந்து கயிறு, கயிற்றிலிருந்து ரேடியோ, ரேடியோவிலிருந்து பலூன் என்று இருநூறு வருஷமாக மனிதர்கள் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். 2016-ல் சோனத்தில் எந்தப் பத்து நிமிஷமும் கிடைக்கவில்லை. இருந்தும் அந்த உயரத்தில் கூட்டாளிகளைத் தேடி நாள்கணக்கில் பனிக்கட்டியை அறுத்தார்கள், ஒருவரையாவது மூச்சோடு வெளியே எடுத்தார்கள். நாம் விளையாட்டாகப் போகிறவர்கள். நம் கையில் மலையைத் தேர்ந்தெடுக்கும் வசதியும், திரும்பிவரும் வசதியும் இருக்கின்றன. அதையும் தாண்டிப் போவதென்றால், கடைக்குப் போகும்போது கூட வரப்போகிறவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஷவலை அவர்களும், அவர்கள் ஷவலை நீங்களும் தேர்ந்தெடுங்கள்.

பி.கு.: வெளிநாட்டிலிருந்து இமயமலை பார்க்க வரும் சொந்தங்கள் கவனத்துக்கு. பீக்கன் வேறு, சாட்டிலைட் போன் வேறு. முன் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனை இந்தியாவுக்குள் கொண்டுவந்து பயன்படுத்துவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகள் உண்டு. பெட்டி கட்டுமுன் அதை வெளியே எடுத்துவையுங்கள்.